வரிசை எண் 9: படிகள்

எங்கள் வீட்டு மாடிப்படி விதிகளுக்குப் புறம்பானது என்று அரசாங்கத்துக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். எதிர்வீட்டுக்காரர் தன் வாசல் சரிவைச் சாக்கடைக்கு மேலே நீட்டிக் கட்டிவிட்டார், மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுகிறது என்று நான்கு கடிதங்கள் எழுதினேன். முதல் மூன்றுக்குப் பதில் இல்லை. நான்காவதற்கு ஆளே வந்தார். அரசாங்கம் தூங்குகிறது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வந்த அதிகாரி சாக்கடையை இரண்டு நிமிடம் பார்த்தார். சித்திரை மாதம், பதினொன்றே முக்கால் மணி. காரைக்கால் வெயிலில் மூன்றாவது நிமிடம் நிற்க அவருக்குச் சம்பளம் போதவில்லை போலும். எங்கள் வீட்டு வெளிப்புற மாடிப்படிக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்கினார். நான் மோர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். சாக்கடைக்காகப் பையை விட்டு வெளியே வராத அளவு நாடா அப்போது வெளியே வந்தது.

“இது எப்பங்க கட்டுனது?”

“ஒம்போது வருஷமாச்சு.”

“பிளான்ல இருக்குங்களா?”

இல்லை என்றேன். எழுபத்து நான்கு வயதில் உண்மை பேசும் பழக்கத்தை விட்டிருக்கலாம். பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே விட வேண்டிய திறந்த இடத்தில் படிக்கட்டு நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறதாம். முப்பது நாளுக்குள் இடிக்க வேண்டும், அல்லது காரணம் காட்டி விலக்கு கேட்க வேண்டும். எதிர்வீட்டுச் சரிவைப் பற்றி ஒரு வரி இல்லை. அது பரிசீலனையில் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

அந்தப் படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவன் போன பிறகு என் தங்கை எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தாள். வந்த முதல் மாதமே அவளுக்கும் என் மனைவிக்கும் பேச்சு நின்றுபோயிற்று. காரணம் இப்போது இருவருக்கும் நினைவில்லை. எனக்கு நினைவிருக்கிறது, சொல்லமாட்டேன். சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதனால் கூடத்தில் இருந்த பழைய படியை எடுத்துத் தளத்தை மூடிவிட்டு, வெளிப்பக்கமாகப் பதினேழு படி கட்டினேன். அதில் ஏறி இறங்கினால் என் மனைவியின் சமையலறையைத் தாண்ட வேண்டியதில்லை. தங்கை ஒரு நாளைக்கு எட்டு முறை இறங்குவாள். ஒரு வாரம் எண்ணிச் சராசரி எடுத்திருக்கிறேன். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வரும் மீன்காரம்மா மூன்றாவது படியில் கூடையை இறக்கி வைத்து, மேலே பார்த்துக் குரல் கொடுப்பார். கூடைக்கு அது சரியான உயரம். இந்த ஏற்பாட்டில் ஒன்பது வருடம் ஒரு சண்டை இல்லை.

அதிகாரி போகும்போது எனக்கு ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார். “உள்ளாறயே ஒரு படி போட்டுக்குங்க சார், ஈசி.” ஈசிதான். கூடத்தில் தளத்தை உடைத்துப் படி வைத்தால் அது சமையலறைக் கதவில் வந்து முடியும்.

நோட்டீசைத் தங்கையிடம் காட்டினேன். படித்து, நான்காக மடித்து, திருப்பிக் கொடுத்தாள்.

“இடிக்கணும்னா இடி. நான் ஓசூருக்கே போயிர்றேன். அங்க லிஃப்ட் இருக்கு. படிங்கற பேச்சே கெடயாது.”

ஓசூரில் அவள் மகள் இருக்கிறாள், பதினோராவது மாடியில். ஒருமுறை பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள் ஐந்தாம் நாளே திரும்பிவிட்டாள். மீனில் ஐஸ் வாடை அடிக்கிறது என்றாள். மீன் காரணமில்லை, மருமகன். இங்கிருந்து போனால் திரும்பி வர அவளுக்கு இடம் இருக்காது. எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் ஆறு பேர். இப்போது மீதி நாங்கள் இரண்டு பேர். இதற்கு மேல் கழிக்க எனக்கு விருப்பமில்லை.

ஆகவே விலக்கு கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். துபாயில் முப்பது வருடம் கடை நடத்திவிட்டு வந்த பாய் அவர். தாளை வாங்கிக்கொண்டு மதிலுக்கு மேலே படிக்கட்டைப் பார்த்தார்.

“படிக்கட்டு மேல ஆட்சேபண இல்லங்க. தங்கச்சி மேல்படியில கருவாடு காயப் போடுது பாருங்க, அதுக்கு எதுவும் கட்டம் இருக்கா இந்தத் தாள்ல?”

இல்லை என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வீட்டின் மூலப்பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அலுவலகத்திலும் யாருக்கும் தெரியவில்லை. ஆகையால் நான் கொடுத்த ஆவணங்களில் ஒரு குறையும் காணப்படாதது அது ஒன்றுதான்.

விண்ணப்பத்தில் இருபத்து மூன்று கேள்விகள். எட்டாவது, கட்டுமானத்தின் தன்மை. வெளிப்புற மாடிப்படி என்று எழுதினேன். ஒன்பதாவதில் ஒரே ஒரு சொல் இருந்தது: படிகள். இத்தனை விவரமாகக் கேட்கிறார்களே என்று எனக்கு அரசாங்கத்தின் மேல் மரியாதையே வந்துவிட்டது. எழுந்து போய் இன்னொருமுறை எண்ணிவிட்டு வந்து 17 என்று எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. “17 படிகள் எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. 3 மட்டுமே பெறப்பட்டன. மீதமுள்ள 14 படிகளை உடனடியாகச் சமர்ப்பிக்கவும்.”

படிக்கட்டைப் பெயர்த்துக்கொண்டு வரச் சொல்கிறார்களோ என்று முதலில் பயந்தேன். அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் பெரிய அதிகாரிகள், கீழே தபால் பிரிவு. தபால் பிரிவில் ஒரு பெண், என் மகள் வயது இருக்கும், பொறுமையாகச் சொன்னாள்.

“படின்னா காப்பிங்க சார். எத்தன செட்டு வெச்சிருக்கீங்கன்னு கேக்குறாங்க. நீங்க வெச்சது மூணு.”

“அப்ப நகல்னு போட வேண்டியதுதானேம்மா?”

“ஃபாரம் பாண்டிச்சேரிலேருந்து வருதுங்க சார். நல்ல தமிழ்ல போட்டிருக்காங்க.”

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், தமிழில் தோற்றதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்தப் பெண்ணே வழியும் சொன்னாள். 17ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டால் போதும். மூன்று செட்டிலும் அப்படியே செய்தேன். பதினான்கு செட்டு எடுக்காமல் தப்பித்த மகிழ்ச்சியில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போய் டீ குடித்தேன்.

அதன் பிறகு அறுபத்தெட்டு நாள் காத்திருந்தோம். தங்கை ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டிக் கட்டிலடியில் வைத்திருந்தாள். மூடி திறந்தே இருந்தது. உள்ளே இரண்டு புடவை மட்டும். நான் மேலே போகும்போதெல்லாம் எண்ணுவேன். ஐம்பதாம் நாள் நான்கு ஆயிற்று.

அறுபத்தொன்பதாம் நாள் உத்தரவு வந்தது. தங்கை மூன்றாவது படியில் உட்கார்ந்திருக்க, நான் கீழே நின்று உரக்கப் படித்தேன். மனுதாரரின் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, மூன்று படிகள் கொண்ட வெளிப்புற மாடிப்படிக்கு விதியிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது.

மறுபடி படித்தேன். மூன்றுதான். கீழ்த்தளத்தில் படி என்றால் நகல். அதே தாள் மாடிக்குப் போனதும் படி என்றால் படி. நான் இணைத்த வரைபடத்தில் பதினேழும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் வரைபடத்தைப் பிரிக்க மேசையில் இடம் வேண்டுமே.

“மூணு படி ஏறிட்டு மிச்சத்துக்கு என்ன செய்யறதாம்? பறக்கவா?” என்றாள் தங்கை.

அரசாங்கம் அங்கீகரித்திருப்பது மீன்காரம்மாவின் கூடை வரைக்கும்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. சமையலறை ஜன்னலுக்குள் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டது.

மறுநாள் தபால் பிரிவுப் பெண் உத்தரவை வாங்கிப் படித்தாள். தன் யோசனையால் வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. திருத்தம் கேட்டால் இந்த உத்தரவு ரத்தாகும், பழைய நோட்டீசுக்கு உயிர் வரும், முப்பது நாள் மறுபடி ஓடத் தொடங்கும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அப்படியே விட்டுருங்க சார். படிக்கட்டுக்கு விலக்குன்னு எழுதி ஃபைல மூடியாச்சு. ஒங்க தெருவுலேருந்து யாராவது புகார் எழுதுனாத்தான் ஆளு வருவாங்க, எண்ணுவாங்க.”

“எங்க தெருவுலேருந்து யாரும்மா எழுதுறா?”

தபால் பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டினாள். எதிர்வீட்டுச் சரிவு, நான்கு. தெருவிளக்கு, ஆறு. நாய், மூன்று. மீன் வண்டி ஹாரன், இரண்டு. பதினைந்துக்கும் ஒரே கையெழுத்து. பதினாறு என்று நினைத்திருந்தேன். ஒன்று தபாலில் தொலைந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். மூன்றாவது படியில் உட்கார்ந்து கேட்டவள் கையை நீட்டினாள்.

“பேனாவக் குடு.”

கொடுத்தேன்.

“பையில இன்னொண்ணு இருக்கு பாரு.”

அதையும் கொடுத்தேன். அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து என் மனைவி, என்னைப் பார்த்துத்தான், சொன்னாள்: “மேச டிராயர்ல மூணு இருக்குன்னு சொல்லுங்க.”

“கேட்டுதுன்னு சொல்லு,” என்றாள் தங்கை, அவளும் என்னைப் பார்த்துத்தான்.

ஒன்பது வருடத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் இது. ஐந்து பேனாவும் மாடியில், பெட்டி இருந்த இடத்தில் இருக்கின்றன. பெட்டி பரண் மேலே போய்விட்டது. நான்கு புடவையும் கொடியில் காய்வதைப் பார்த்தேன்.

நேற்று நல்ல மழை. எதிர்வீட்டுச் சரிவில் அடைத்துக்கொண்ட தண்ணீர் எங்கள் வாசலில் நின்றது. ஸ்கேல் வைத்து அளந்தேன், ஆறரை அங்குலம். இதை எல்லாம் பென்சிலில்தான் எழுதுகிறேன். பென்சிலில் எழுதிய புகாரை எடுத்துக்கொள்ளமாட்டார்களாம், விசாரித்துவிட்டேன்.