சட்டைப் பையில் இருந்த துண்டு

பஸ் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் என் வலது கால் தானாக வெறுந்தரையை மிதிக்கிறது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். இருபது வருடம் லண்டனில் வான் ஓட்டிய கால் அது. தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோய் இறக்குவது என் வேலை. இப்போது பெட்டி தூக்க மட்டும் பஸ்ஸில் போகிறேன். "வழக்கு முடியட்டும், பாப்பம் அண்ணை" என்கிறார் முதலாளி. என் வானை வேறொருவர் ஓட்டுகிறார்.

பிளேஸ்டோ என்ற பகுதியில் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்து என் வானில் மோதிக் கையை முறித்துக்கொண்டான். ஆபத்தாக ஓட்டினேன் என்று என்னைக் கைது செய்தார்கள். பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்கா? வேண்டாம் என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. அதிகாரி கடகடவென்று வாசித்ததற்கெல்லாம் "யெஸ், யெஸ்" போட்டேன். பிணையில் விடும்போது லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கடதாசி தந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் பொலிஸ்காரன் லைசென்ஸைப் பறித்தால் ஒரு துண்டு எழுதித் தருவான். தண்டம் கட்டி அதை மீட்கும்வரை துண்டைக் காட்டி ஓடலாம். மோட்டார் சைக்கிள் ஓடிய காலத்தில் எத்தனை துண்டுகள் என் சட்டைப் பையில் வியர்வையில் ஊறிக் கிழிந்தன! இதையும் நாலாக மடித்துப் பையில் வைத்தேன்.

"அதிலை என்ன எழுதிக்கிடக்கெண்டு வாசிச்சனீங்களே?" என்று மனைவி கேட்டாள்.

"வாசிக்க என்ன கிடக்கு? லைசென்சுக்குப் பதிலாத் தந்த துண்டுதானே."

மறுநாள் காலை வானை எடுத்தேன். பார்க்கிங் என்ற ஊரில் மறித்த பொலிஸ்காரியிடம் துண்டைப் பெருமையாகவே நீட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள். வழக்கு முடியும்வரை வாகனம் ஓட்டக்கூடாது என்று இதிலேயே எழுதியிருக்கிறதே என்றாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எங்கள் நாட்டில் இப்படித்தான் என்று சொல்லத் தொடங்கினேன். "நீங்கள் இப்போது அங்கே இல்லை, சேர்" என்றபடி விலங்கைப் பூட்டினாள்.

இன்னொரு முறை என்றால் சிறை என்று நீதிமன்றம் எச்சரித்து விட்டது. பிழை என்னுடையதுதான். ஆனால் வேண்டுமென்றே மீறினேன் என்று எழுதிவைத்திருக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். ஏமாற்ற நினைப்பவன் அந்தக் கடதாசியைத் தானே எடுத்து நீட்டுவானா? அதை ஒருவரும் கேட்கவில்லை.

பேர்சில் லைசென்ஸ் இருந்த இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எப்போதோ காலாவதியான யாழ்ப்பாண லைசென்ஸைத் தேடியெடுத்து அங்கே செருகியிருக்கிறேன். அதில் அரும்பு மீசைக்காரன் ஒருவன் முறைத்துக்கொண்டிருக்கிறான். விளக்கு சிவக்கிறது. அவனைப் பையில் வைத்துக்கொண்டு நான் மறுபடியும் வெறுந்தரையை மிதிக்கிறேன்.