நிற்கும் வரை ஓட்டுவது

ஹைதராபாத்தில் உப்பலிலிருந்து மல்காஜ்கிரி பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பையில் என் ஸ்கேனர், ஒரு சட்டை, கொஞ்சம் ஸ்பேனர்கள். அரை மணி நேரத்துக்கு முன்புதான் வேலையை விட்டிருந்தேன். அது எனக்கு ஆறாவது மெக்கானிக் ஷெட்; நடப்பது பழகிப்போயிருந்தது.

விஷயம் ஒரு கார். கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மதுரைக்கார அக்காவுடையது. சூடேறினால் ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடும். பத்து நிமிடம் ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். கடைசியாக மேம்பாலத்தின் நடுவில் நின்றபோது பின் சீட்டில் அவருடைய குழந்தை இருந்தது. பின்னால் வந்த லாரி ஒரு கை தூரத்தில் பிரேக் அடித்ததாம்.

எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம். வண்டியில் ஸ்கேனரைச் செருகுவோம். பழுதைச் சொல்லும் கோட் நம்பர் வரும்; அது எந்தச் சென்சாரைச் சொல்கிறதோ அதை மாற்றி, கோட் நம்பரை அழித்து, சாவியைக் கொடுத்துவிடுவோம். இந்தக் காருக்கு, இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரை இரண்டு முறை மாற்றினோம். இரண்டு முறையும் கோட் நம்பரை அழித்தது நான்தான். வண்டி நின்ற நேரத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்று பதிவாகியிருந்ததும் அதோடு போய்விட்டது. மூன்றாம் முறை அதே கோட் வந்தபோதுதான் உறைத்தது. சென்சார் புதிது, ஒயர் பழையது.

"இந்தத் தடவ அழிக்க மாட்டேன்," என்றேன். "நிக்கிற வரைக்கும் ஓட்டிப் பாக்கணும்."

முதலாளி இங்கேயே ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும். சிரித்தார். "கைக்குடா, எதுக்குடா உனக்கு இந்த வேல? ஓட்டுறதெல்லாம் நக்கோ, வேணாம், கோட் நம்பர அழி, வண்டிய குடு. எட்டாவது ஃபெயிலான பய எனக்கு இன்ஜின் பாடம் எடுக்குறான்!"

"ஃபெயில்தான். எந்த வண்டியும் எங்கிட்ட மார்க் ஷீட் கேக்கல."

அவர் எதிரிலேயே அக்காவுக்கு ஃபோன் போட்டு, வண்டி சரியாகவில்லை, ஓட்டாதீர்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியாது.

நடந்துகொண்டிருந்தபோதே அக்கா கூப்பிட்டார். "தம்பி, உங்க முதலாளி இப்ப கோட் எதுவுமே இல்லங்கிறாரு. ஆள் விட்டு வண்டிய வீட்டுக்கு அனுப்புறாராம்."

"அழிச்சிருப்பாரு. வரட்டும், நிறுத்தி வைங்க."

"நீங்க வந்து பாப்பீங்களா?"

"நாளைக்குக் காலையில வர்றேன்க்கா."

மறுநாள் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அக்கா இடது சீட்டில் உட்கார்ந்தார், மடியில் என் ஸ்கேனர். அவர் குடியிருக்கும் லேஅவுட்டின் காலி ரோட்டில் நான் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். ஸ்கேனர் காட்டிய இன்ஜின் சுற்று எண்ணிக்கையை அவர் வாசித்தார்.

"ஆயிரத்து நானூறு... ஆயிரத்து ஐநூறு... நிக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"நாளைக்கும் சுத்துவேன்."

நாற்பதாவது நிமிடம் அவர் கத்தினார். "தம்பி, பூஜ்யம்! வண்டி ஓடுது, பூஜ்யம் காட்டுது!"

இன்ஜின் அணைந்தது. ஓரங்கட்டினேன்.

"ஆற விடணும்ல?"

"ஆறவே கூடாது, ஆறினா கோளாறு மறைஞ்சிடும். நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

பானெட்டைத் திறந்தேன். புகைக்குழாயை ஒட்டி வளைந்த இடத்தில் அந்தச் சென்சாரின் ஒயர் தோல் கருகியிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு ஒயரை இழுத்து நேராகப் பிடித்தேன். துணியைத் தாண்டிச் சுட்டது.

"ஸ்டார்ட் பண்ணுங்கக்கா."

பத்து நிமிடம் காத்திருக்காமல், சூட்டோடேயே இன்ஜின் பிடித்தது.