பாதி மூடிய வால்வு

மொய்தீன் பாய் இறந்த செய்தி எனக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் கிடைத்தது. திருப்பூணித்துறையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து சுள்ளிக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாயாக்கடை ஜோர்ஜ் சேட்டன், வாத்தியாரான என்னை ஊர் கூப்பிடுகிறபடி கூப்பிட்டார். "மாஷே, அறிஞ்சில்லையா? நம்ம பாய் போயாச்சு. நேத்தே அடக்கம் கழிஞ்சது."

முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மட்டாஞ்சேரிச் சந்துகளில் அவருடைய சைக்கிள் மணிக்காகக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

குடிநீர் வால்வு திறப்பது அவர் வேலை. ஆளுயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியுமுன் வருவார். சந்து முனையில் இரண்டு தடவை மணியடிக்காமல் திறக்கமாட்டார். "மணி அடிக்காம திறந்தா மொத வெள்ளம் ஓடைக்குப் போயிரும் மாஷே. அது யாரோட குடமோ" என்பார்; அவர் பேச்சில் தண்ணீர் எப்போதும் வெள்ளம்தான். திறந்த பிறகு சாவியின் தலையில் காதை வைத்து, குழாய்க்குள் நீர் ஓடுவதைக் கேட்பார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாலை, நான் பௌதிகம் கற்பித்த பள்ளிக்கே வந்துவிட்டார். "ஊருக்கு வெள்ளம் விடுற பெரிய தொட்டிக்கு அடியில இருக்கிற வால்வை எப்பவும் பாதி மூடித்தான் வெக்கிறேன். முழுசாத் திறந்தா பழைய குழாய் பொட்டிப்போகும். அந்த இடத்துல வெள்ளம் கத்துது மாஷே. சும்மா கத்துற அந்த பலத்துல ஒரு பல்பு எரியாதா?"

எரியும் என்றேன். அன்று முதல் இருவருக்கும் வேறு பேச்சில்லை. பித்தளைக் கரண்டிகளின் குழிகளை வெட்டிச் சக்கரம் செய்தோம். பழைய குழாய்த்துண்டுக்குள் அதைப் பொருத்தி, வெளியே சைக்கிள் டைனமோவை இணைத்தோம். அவர் மனைவி பாத்திமா பீவி, "கறி அள்ள ஒரு கரண்டியாவது மிச்சம் வைங்க மாஷே. இல்லாட்டி இந்த மனுசன் கையால அள்ளட்டும்" என்று சிரித்தார்.

தொட்டியடியில் வைக்கக் குடிநீர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். முதலில் எங்கள் சந்துக் குழாயில் எரியவைத்து ஊருக்குக் காட்டலாம் என்று நான்தான் சொன்னேன். பாய் தயங்கினார். "இங்க பிரஷர் கம்மியாச்சே மாஷே. கடைசி வீட்டுக்கு வெள்ளம் எத்துமா?" எதற்கும் உதாரணம் சொல்வது என் பழக்கம். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் காகிதக் காற்றாடியை நீட்டினால் பஸ் நின்றுவிடுமா என்று கேட்டேன். அவர் படித்தது நாலாம் வகுப்பு. வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்.

மறுநாள் விடியற்காலை தெருக்குழாய்க்கு மேலே பல்பு எரிந்தது. குடங்களை விட்டுவிட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். பாய் அன்று சிரித்ததைப் போல் பிறகு சிரித்துப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள், சந்தின் கடைசி வீட்டுச் செல்லம்மா வந்தாள். படுக்கையில் கிடக்கும் கணவனை வைத்துக்கொண்டு மாவரைத்துப் பிழைத்தவள். காலிக் குடத்தைப் பல்பின் அடியில் வைத்தாள். "வெளக்கு ஜோரா இருக்கு பாயே. மூணு நாளா எங்க குழாய் சொட்டலை. அவருக்கு வாய் நனைக்க இந்த வெளிச்சத்தை ஊத்தட்டா?"

பாய் உடனே சாவியை எடுத்தார். வால்வை மூடி, சக்கரத்தை அங்கேயே கழற்றினார். அடுத்த மூன்று நாளும் அவள் வீட்டுக்கு அவரே குடம் சுமந்தார்.

பஸ்ஸுக்கு எஞ்சின் இருந்தது. கடைசி வீட்டுக் குழாய்க்கு இருந்தது எஞ்சிய கொஞ்சம் அழுத்தம் மட்டுமே. அதைத்தான் நாங்கள் விளக்காக்கியிருந்தோம். தொட்டியடியில் வீணாகிற விசையும் இதுவும் ஒன்றல்ல என்று, பாடம் நடத்துகிற எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

யாரோ அலுவலகத்தில் புகார் சொல்லிவிட்டார்கள். யார் சொல்லிச் செய்தாய் என்று அதிகாரி பாயைக் கேட்டபோது, "என் புத்திதான் சாரே" என்றாராம். தொட்டியடியில் சக்கரம் வைக்க நாங்கள் கொடுத்த மனு அதோடு திரும்பி வந்தது. "என் பெயரைச் சொல்லியிருக்கலாமே பாய்" என்று வருந்தினேன். "சாவி என் கையிலல்லவா இருந்தது" என்றார்.

தவறு என்னுடையது என்று எழுதி இன்னொரு மனு கொடுப்பதாக அவரிடம் சொன்னேன். வேலை, மகள் கல்யாணம், ஓய்வு என்று ஆண்டுகள் போயின. அவர் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. கடைசியாகப் பார்த்தபோது மட்டும், "இப்பவும் அங்க வெள்ளம் கத்திட்டுத்தான் இருக்கு மாஷே" என்றார். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது பாத்திமா பீவி பழைய துணியில் சுற்றி அந்தச் சக்கரத்தைக் கொடுத்தார். "உங்ககிட்ட இருக்கட்டும். வாரா வாரம் எண்ணெய் போட்டு வெச்சிருந்தார்."

இப்போது அது என் மேசையில் ஒரு தாளின் மேல் இருக்கிறது. விரல் பட்டாலே சுற்றுகிறது. அடியில் இருப்பது அந்த இரண்டாவது மனு. முதல் வரியை எழுதிவிட்டேன்: செல்லம்மா வீட்டில் மூன்று நாள் தண்ணீர் நின்றதற்குக் காரணம் மொய்தீன் அல்ல, நான்.