நடுவில் ஓடிய கடைசிச் சுருள்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனாலும் எங்கள் வீட்டில் மர்மப் படம் பார்த்து முடித்ததும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எது தேறும், எது தேறாது என்று நான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் விளாங்குடிப் பக்கத்து டூரிங் கொட்டகையில் தொடங்கிய பெருமை இது.

அப்போது ஒரே படத்தை இரண்டு கொட்டகைகளில் ஓட்டுவார்கள். அடுத்த கொட்டகையில் ஓடி முடிந்த சுருள்களைப் பெட்டியில் போட்டு சைக்கிளில் இங்கே கொண்டுவருவது என் தாய்மாமன் வேலை. அவர் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. ஒரு நாள் சாயங்கால ஆட்டத்துக்கு வரும் வழியில் பெட்டியோடு விழுந்துவிட்டார். சிதறியதை அள்ளி அடுக்கியதில் வரிசை மாறி, இடைவேளை முடிந்ததும் கடைசிச் சுருள் ஓடிவிட்டது. கொலைகாரன் கம்பவுண்டர்தான் என்று தெரிந்து, கையில் விலங்கும் மாட்டியாகிவிட்டது. ஆபரேட்டர் பதறி நிறுத்தி அடுத்த சுருளைப் போட்டால், அதே கம்பவுண்டர் சிரித்துக்கொண்டே கதாநாயகிக்குப் பால் கொண்டுவருகிறான்.

ஆண்கள் பக்கம் விசில் பறந்தது.

"விலங்கு மாட்டுனவன் எப்பிடிடா வெளிய வந்தான்?"

"காசத் திருப்பிக் குடுங்கடா!"

"நாளையிலருந்து இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்காத" என்று முதலாளி மாமாவிடம் கத்தியது என் காதில் விழுந்தது. சுருள் மாறியது எனக்குத் தெரியாது; மாமாவுக்கு வேலை போகிறதென்று மட்டும் புரிந்தது. தரை டிக்கெட்டில் உயரமாக உட்காரக் குவித்துவைத்திருந்த மணல்மேட்டில் ஏறி நின்றேன்.

"அண்ணே, கத்தாதீங்க! இவந்தான் கொலகாரன்னு தெரிஞ்சு பாத்தாத்தான பயமா இருக்கு? அந்தப் பால்ல என்ன கெடக்குன்னு நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதுல்ல!"

"புள்ள சொல்றது நெசந்தேன்" என்றாள் பின்னாலிருந்த ஓர் அம்மா. உடனே திரையைப் பார்த்து, "அடியே, குடிச்சிராதடி!" என்று கூவினாள். பெண்கள் பக்கம் முழுக்க அதே கூச்சல். ஆண்களும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில், பாதியில் நிறுத்திய சுருளில் மிச்சமிருந்த 'சுபம்' மட்டும் வந்து நின்றது.

மாமாவின் வேலை தப்பியது. வீட்டுக்குப் போகும் வழியில் பருத்திப்பால் வாங்கித் தந்தார்.

"படம் எப்பிடி ஆத்தா?"

"பாதியிலயே ஆளக் காட்டுனது கெட்டிக்காரத்தனம் மாமா. பால் டம்ளர் வாரப்ப உசுரே போச்சு. முடிவுதேன் மொட்ட."

"நீ சொன்னாச் சரிதேன்" என்று தலையாட்டினார்.

பிறகு அதே படத்தைக் காளவாசல் பக்கம் ஒரு தியேட்டரில் பார்த்தேன். கொலைகாரன் யாரென்று கடைசிச் சுருள் வரும்வரை சொல்லவே இல்லை. பால் டம்ளர் வந்தபோது ஒருத்தர்கூடக் கூவவில்லை.

"படத்த வெட்டிக் கெடுத்துப்புட்டாங்க மாமா!" என்று சண்டைக்கு நின்றேன். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஏன் அப்படிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார் என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை. புரிந்த பிறகும் சொல்கிறேன், எங்கள் கொட்டகையில் ஓடியதுதான் நல்ல படம்.