கடுக்காய்ச் சாறும் பழைய ஈதரும்

பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தபோது, புதுச்சேரியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. ரெட்டியார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போவேன். ஆலைத் தொழிலாளியான அப்பா, மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களிடம், "எண்ணெ கெட்டுப்போவுதான்னு பாக்குறா" என்பார். அது உண்மைதான்.

கடலை எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டு, உள்ளே பெராக்சைடு என்ற பொருள் சேர்ந்து, பிறகு காறல் வாடை அடிக்கும். கடுக்காய், ஆவாரம்பட்டை, தேயிலை இவற்றுக்குத் துவர்ப்பைத் தருகிற பாலிஃபீனால்கள் அதை எவ்வளவு தள்ளிப்போடும் என்று நாங்கள் அளந்தோம். சாறு கலந்த எண்ணெயையும் கலக்காத எண்ணெயையும் சூட்டிலேயே வைத்திருந்து, தினமும் கொஞ்சம் எடுத்து அயோடைடு சேர்ப்போம். கெட்டிருக்கிற அளவுக்கு அயோடின் பிரியும். ஸ்டார்ச் விட்டால் நீலமாகும். அந்த நீலம் மறையும்வரை தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு கெட்டிருக்கிறது என்று கணக்கு.

என்னோடு வேலை பார்த்தவர் அரியாங்குப்பத்துக்காரர். விவசாயக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர், அந்த வருஷம்தான் கல்யாணமானவர். எனக்கு அண்ணன் மாதிரி. எங்கள் தலைவர் பிரெஞ்சில் படித்த தமிழர். எல்லோரும் அவரை, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, முசியே என்றுதான் கூப்பிடுவோம்.

கடுக்காய்ச் சாற்றிலிருந்து துவர்ப்புப் பொருளைத் தனியே பிரிக்க, சீக்கிரம் ஆவியாகிவிடும் ஈதர் என்ற கரைப்பான் வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து வரவேண்டிய சரக்கு வரவில்லை. அலமாரியின் அடித்தட்டில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் புட்டி ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. முசியே முகர்ந்து பார்த்துவிட்டு, "ஈதர்தான், எடுத்துக்கங்க" என்றார்.

அண்ணன் சாற்றை அதில் குலுக்கிப் பிரித்து, ஈதரை வெந்நீர்த் தொட்டிமேல் வைத்து வற்றவிட்டார். நான் எதிர்ப்பக்கம், தயோசல்பேட்டைச் சொட்டு விடும் ப்யூரெட் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். அடியில் பிசின் மாதிரி கொஞ்சம்தான் மிச்சம். குனிந்து, "ஆயிடுச்சும்மா, எடுத்துடலாம்" என்றார். அப்போது குடுவை வெடித்தது. தீ இல்லை, புகை இல்லை. கண்ணாடிதான் எங்கும். முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. "தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் முசியே அந்தப் புட்டியில் மிச்சமிருந்த ஈதரில் கொஞ்சம் எடுத்து அயோடைடு விட்டார். நாங்கள் தினமும் எண்ணெய்க்குச் செய்கிற அதே சோதனைதான். அயோடின் பிரிந்து ஒரேயடியாகப் பழுப்பாகிவிட்டது. ஈதரும் காற்றுப் பட்டால் எண்ணெயைப் போலவே பெராக்சைடாகும். வற்ற வைத்தால் அதுதான் அடியில் தங்கி வெடிக்கும். "பாத்துருக்கணும்" என்றார் முசியே.

சில மாதம் கழித்து அண்ணனை அவர் மனைவி கைபிடித்துக் கூட்டிவந்தார். வயிற்றில் பிள்ளை. "வீட்ல உக்காந்திருக்க முடியல முசியே. கெட்ட எண்ணெய்ய மோந்து சொல்றேன், எனக்குக் கண்ணு வேணாமே" என்றார் அண்ணன். முசியே உடனே சம்மதித்தார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டோம். நான் ஒவ்வொரு குப்பியாக நீட்டுவேன். அவர் முகர்ந்து, "இது நல்லாருக்கு", "இது லேசாப் போயிடுச்சு" என்பார். நான் எழுதிக்கொள்வேன்.

ஆனால் வாடை கடைசியில்தான் வரும். பெராக்சைடு அதற்கு வெகு முன்பே ஏறிவிடும். அவர் நல்லது என்று சொன்ன எண்ணெய் பலவும் என் கணக்கில் முன்பே கெட்டவை. முசியேவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் குப்பியைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "நெஜத்தச் சொல்லும்மா. நான் சொல்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிடுது, இல்ல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாண்ணே" என்றேன்.

"நானும் படிச்சதுதானே" என்று தலையாட்டினார். "கடுக்கா எப்படி இருக்கு?"

"அதுதாண்ணே எல்லாத்துக்கும் மேல தாங்குது."

"சரி" என்றார். அன்று மாலை மனைவி வந்து கூட்டிப்போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அவர் மனைவி குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆலை வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஒரு முறை அரியாங்குப்பம் போயிருந்தேன். அண்ணன் வாசலில் கட்டிலில் படுத்திருந்தார். என் குரல் கேட்டு எழுந்து உட்கார்ந்தார். மழையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றிக் கேட்டார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஊர் சட்டப்படியும் முழுசாக இந்தியாவோடு சேர்ந்த வருஷம் முசியே குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறினார். அவருக்குப் பின் வந்த அதிகாரி கடுக்காய் வேலையை நிறுத்திவிட்டு, என்னைக் குடிநீர்ச் சோதனைக்கு மாற்றினார்.