பீரோவுக்குள் இருந்த வெப்சைட்

ஆன்லைனில் வெப் டிசைன் படித்து, புத்தூர் பஸ் நேரங்களுக்காக நானே ஒரு வெப்சைட் செய்திருந்தேன். அன்று திருப்பதியில் இன்டர்வியூ. அதைக் காட்டினால்தான் வேலை. பஸ்ஸில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. பக்கத்து சீட் அக்கா கேட்காமலேயே லேப்டாப்பைத் திறந்து பெருமையடித்தேன். அவர் ஒரு ஹாஸ்டலில் சமையல் செய்கிறவராம்.

"லிங்க் அனுப்பும்மா, நானும் பாக்கறேன்" என்றார்.

அனுப்பினேன். அவர் போனில் அது திறக்கவே இல்லை.

"உங்க போன் பழசுக்கா" என்றேன், கொஞ்சம் இளக்காரமாகவே.

அக்கா லிங்கைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இது உன் லேப்டாப்புல ஃபைல் இருக்கிற எடம்மா. வூட்டு அட்ரஸ் கேட்டா, பீரோவுல மூணாவது தட்டுன்னு சொல்றியே! நானும் இதெல்லாம் ஆன்லைன்ல படிச்சிக்கினுதான் கீறேன். மொத வாட்டி எனக்கும் இதேதான் ஆச்சு."

விண்ணப்பத்திலும் அதே லிங்க்தான்!

அக்கா தன் போனிலிருந்து என் லேப்டாப்புக்கு நெட் கொடுத்தார். வடமாலபேட்டை தாண்டும்போது சிக்னல் போய்ப் போய் வந்தது. அவர் சொல்லச் சொல்ல ஃபைல்களை நெட்டில் ஏற்றினேன். திருப்பதி நெருங்கும்போது, அந்தப் பழைய போனில் என் பக்கம் பளிச்சென்று திறந்தது.

"வந்துட்சிமா!"

அவர் போட்ட சத்தத்தில், "ஏமைந்தம்மா?" என்று, என்ன ஆச்சோ என்ற பதற்றத்தில் தெலுங்கில் கேட்டபடி கண்டக்டரே ஓடி வந்தார். புது லிங்கை அங்கிருந்தே இன்டர்வியூ நடத்துகிறவர்களுக்கு அனுப்பினேன்.

வேலை கிடைத்தது. இப்போதும் எதைச் செய்து முடித்தாலும், பக்கத்தில் இருப்பவர் போனில்தான் முதலில் திறந்து பார்க்கிறேன். பழைய போனாக இருந்தால் இன்னும் நல்லது.