றிச்சர்டும் இரண்டாவது வாத்தும்

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில் ஹட்டனில் யாரிடமாவது வாத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் இறைச்சிக்கடைக்கு வழி காட்டியிருப்பார்கள். எங்கள் நான்கு பேருக்கு மட்டும் அது வேறு. ஷிராணி நடத்திய கொம்பியூட்டர் கடையில் ஞாயிறுதோறும் நாங்கள் வாத்துகளாக மாறிச் சண்டை போட்டோம். திரையில் நம்முடைய மஞ்சள் அலகின் நுனியும் கையிலுள்ள சவர்க்காரத் துப்பாக்கியும்தான் தெரியும். நுரை பட்ட வாத்து பொத்தென்று உட்கார்ந்து அழும். வளர்ந்தவர்கள் விளையாடும் விளையாட்டா இது என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

எங்களில் சூரர் றிச்சர்ட் அண்ணன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மீசை முளைக்கும் வயதில் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனவர். அன்றிலிருந்து கொழுந்து உருட்டும் மெஷினோடுதான் வாழ்க்கை. கல்யாணம் கட்டவில்லை. அம்மா போன பிறகு லயத்துத் தோட்ட வீட்டில் தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் பிடித்து எங்களிடம் வந்துவிடுவார். அவர் மனம்விட்டுச் சிரித்த இடம் அந்தக் கடை ஒன்றுதான்.

அவர் வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனால் பெக்டரிக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டில் உப்புக் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்பார்கள். ஆகவே அவர் தொண்டையை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வார். அதையும் குறும்பு என்று நினைத்துச் சிரித்தோம்.

அப்போதுதான் எங்களில் நான்காமவரான குகநேசன் சேர் கொழும்பிலிருந்து அந்த விளையாட்டின் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், டவுன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். புதிய வாத்துகளுக்குக் கம்பளித் தொப்பி இருந்தது. கொள்ளை அழகு. வேகமோ பழையதைப்போல இரண்டு மடங்கு. எனக்குத் தலை சுற்றியது, ஆனாலும் பிடித்தது.

"இந்த வேகத்துல நம்ம பஸ் ஓடுனா எவ்வளவு நல்லாயிருக்கும்!" என்றாள் ஷிராணி.

"மூலையில இருந்த படம் எங்க?" என்று கத்தினார் றிச்சர்ட் அண்ணன். முதல் பாகத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டும் சின்னப் படமொன்று திரையின் மூலையில் இருக்கும். இதில் அதை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"அது தேவையில்லை றிச்சர்ட். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு காலடிச் சத்தத்தைக் கேளும். இதுதான் திறமான விளையாட்டு," என்றார் சேர்.

"கேவலம்! மொத பாகத்துல இருந்ததுதான் வாத்து!"

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குத் தோல்விதான். பின்னாலிருந்து யார் வந்தாலும் நுரையில் குளித்தார். பழையதைப் போடச் சொல்லி நச்சரித்தார். "தோக்கிற ஆளுக்கு எல்லா விளையாட்டும் கூடாததுதான்," என்று சேர் குத்தினார். கடைசியில் ஒருநாள் றிச்சர்ட் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அடுத்த கெழம வேல இருக்கு. இனி வர்றது கஷ்டம்."

இந்தக் கடையையும் விட்டால் இந்த மனிதருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நான் அவரைத் தடுப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. கொம்பியூட்டர்கள் அடங்கின. ஜன்னலோரம் நின்று அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"றிச்சர்ட் அண்ணே, தேத்தண்ணி," என்றாள் ஷிராணி, அவருக்குப் பின்னாலிருந்து. அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறை கத்தியே கூப்பிட்டாள். அந்த அமைதியில் அது அறை முழுக்கக் கேட்டது. அவர் அசையவில்லை.

கோபத்தில் முறைத்துக்கொள்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். குகநேசன் சேருக்கு முகம் மாறிவிட்டது. எழுந்துபோய் அவருக்கு முன்னால் நின்றார்.

"எப்ப தொடக்கம் உமக்குக் கேக்காமப் போனது?"

றிச்சர்ட் அண்ணன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலஞ்சு வருசமாச்சு சேர். வாயப் பாத்தா வெளங்கும். பின்னால இருந்து பேசுனா ஒண்ணும் வெளங்காது."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா எனக்காகப் பழசையே போடுவீங்க. பாவம்னு வேணும்னே தோத்தும் குடுப்பீங்க. அதுக்கு நான் லயத்துலயே கெடந்துருவேன்."

ஷிராணி தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கரண்ட் வந்ததும் சேர் மறுபடி இரண்டாம் பாகத்தையே போட்டார். மனுசனுக்கு இதயமே இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ தன் நாற்காலியை றிச்சர்ட் அண்ணனுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, அவருடைய ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டார். "இரும்," என்று தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. இடப்பக்கம் காலடி கேட்டால் இடத் தோளில் ஒரு தட்டு. வலப்பக்கமென்றால் வலத் தோளில். பின்னால் வந்தால் முதுகில் ஒரு குத்து. முதலில் றிச்சர்ட் அண்ணன் தடுமாறினார். பிறகு சட்டென்று திரும்பி என் வாத்தை நுரையில் முக்கினார். அடுத்து ஷிராணி. அனாதையாக நின்ற சேருடைய வாத்தையும் விடவில்லை.

"அது என்ர வாத்தடாப்பா!" என்று சேர் சிரித்தபடியே அலறினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது நான் றிச்சர்ட் அண்ணனின் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். "அடுத்த ஞாயிறு வர்றீங்கதானே?"

"வராம? ஆனா சொல்லிட்டேன், ரெண்டாவது சுத்த மோசம்!" அவர் தோளைத் தடவிக்கொண்டே கத்தினார். "ஒரு மனுசன் தனியா வெளயாட முடியாது!"